ஸ்டிக் நேராகத்தான் இருந்தது

இன்று காலை பழைய கைப்பையைத் துவைக்க ஊறப்போட்டேன். கொஞ்ச நேரத்தில் வாளித் தண்ணீர் நீலமாகிவிட்டது. அம்மா எட்டிப் பார்த்து, "கருப்புப் பைக்கு எவளாவது சொட்டு நீலம் போடுவாளா?" என்று கேட்டாள். பையின் உள்துணியைப் பிதுக்கிப் பார்த்தேன். ஓரத்துக் கிழிசல் வழியாக உள்ளே போய்க் கிடந்த சாக் கட்டி ஒன்று, நனைந்து குழைந்து விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. பூல் விளையாடுகிற ஸ்டிக்கின் முனையில் தேய்க்கிற நீலச் சாக். நீதான் போட்டிருப்பாய். உனக்கென்று ஒரு பை இருந்ததே இல்லை. உன் போன், பஸ் டிக்கெட், தின்று மிச்சம் வைத்த கடலைமிட்டாய் எல்லாம் என் பையில்தான் கிடக்கும்.

சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். நகக்கண்ணில் மட்டும் நீலம் நிற்கிறது. அந்த விரலோடுதான் இதை எழுதுகிறேன். எழுதி என்ன ஆகப்போகிறது என்று எனக்கும் தெரியும். ஆனால் இதையெல்லாம் வேறு யாரிடம் சொல்ல? சங்கரன்கோவிலில் பூல் விளையாட்டைப் பற்றிப் பேச எனக்கு இருந்த ஒரே சிநேகிதி நீ.

உன் குரலைத்தான் முதலில் கேட்டேன், பிறகுதான் உன்னைப் பார்த்தேன். சென்னையில் நம் ஆபீசின் ஓய்வறை. போனில் யாரையோ, "ஏட்டி, அத அங்கனயே வச்சிரு, நான் வந்து பாக்கேன்" என்று அதட்டிக்கொண்டிருந்தாய். அந்தக் கட்டடத்தில் அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதே இல்லை. திரும்பி, "உங்களுக்கு எந்த ஊரு?" என்றேன்.

"ராயகிரி. நீங்க?"

"சங்கரன்கோவில்."

"பக்கத்து ஊருக்காரி. பொறவு என்னத்துக்குட்டி நீங்க, வாங்க?" என்றாய். மரியாதை அதோடு முடிந்தது.

நாம் இரண்டு பேரும் பார்த்தது ஒரே வேலை. எங்கோ யாரோ வாங்கிய மிக்ஸி ஓடவில்லை, செருப்பு அளவு மாறிவிட்டது என்று போனில் கத்துவார்கள். நாம் மன்னிப்புக் கேட்க வேண்டும். காலை முதல் சாயங்காலம் வரை மன்னிப்பு. இடைவேளையில் ஓய்வறைக்கு வந்தால் பூல் மேசையை எப்போதும் ஆண்பிள்ளைகள் பிடித்திருப்பார்கள். நீ சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாய். ஒருநாள் அவர்கள் மீட்டிங்குக்குப் போன சமயம் போய் ஸ்டிக்கை எடுத்தாய்.

"ஏட்டி கோமு, இங்க வா. வெள்ளப் பந்த இந்தக் கம்பால குத்தணும். அது போயி மத்த பந்த முட்டி ஓட்டைல தள்ளணும். வெள்ள மட்டும் உள்ள விழப்பிடாது. கோலி விளையாடுவம்லா, அதேதான். கம்பு மட்டும் ஜாஸ்தி."

மூன்று மாதத்தில் அந்த மேசையில் உன்னை ஜெயிக்க ஆளில்லாமல் போயிற்று. எனக்கு அந்தக் கை வரவில்லை. குறி வைக்கும்போதே தவறிவிடுமோ என்று பதறுவேன். நீ என் தோளைத் தட்டி, "அடிச்ச பொறவு அழு. அடிக்கும்போது அழாத" என்பாய். மன்னிப்புக் கேட்டே பழகிய வாயோடு அந்த மேசைப் பக்கம் வந்தால் நீ வேறு ஆளாகிவிடுவாய். குனிந்து, இடது உள்ளங்கையைத் துணியில் ஊன்றி, கட்டைவிரலைத் தூக்கி, அந்த இடுக்கில் ஸ்டிக்கை வைத்து மெல்ல முன்னும் பின்னும் இழுப்பாய். யாரிடமும் எதற்காகவும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை என்கிற மாதிரி இருக்கும் உன் முகம்.

பிறகு கம்பெனி அந்த மாடியைக் காலி செய்தது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றார்கள். நீ ராயகிரிக்கும் நான் இங்கும் வந்து சேர்ந்தோம். மேசை இல்லாத வருத்தம்தான் உனக்கு. "மன்னிப்பு மட்டும் வீட்டுக்கு வந்துட்டு, டேபிள் வரலட்டி" என்று சிரிப்பாய்.

ராஜபாளையம் ரோட்டில் உரக்கடைக்கு மேல் மாடியில் பாய் ஒருவர் பூல் மேசை போட்டிருப்பதைக் கண்டுபிடித்ததும் நீதான். சவூதியில் பல வருஷம் இருந்து திரும்பிய கடையநல்லூர்க்காரர். நாம் முதல் நாள் ஏறிப்போனபோது அவருக்குச் சங்கடம். "இது பயலுவ வார இடம்மா. நாளைக்கு ஒருத்தன் ஒண்ணு சொல்லிட்டாம்னா எனக்குக் கஷ்டம்" என்றார்.

"காலைல எவன் பாய் வாரான்?" என்றாய்.

"காலைல எவனும் வாரதில்ல."

"அப்ப நாங்க வாரோம்."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஃபேன் சுவிட்சைப் போட்டார். அதன் பிறகு நமக்கு மதியம் ஷிப்ட் இருந்த நாளெல்லாம் நீ காலை பஸ்ஸில் வந்துவிடுவாய். அந்த மாடிப்படி ஒரே செங்குத்து, கைப்பிடியும் கிடையாது. நீ இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறுவாய். கீழேயிருந்து யூரியா வாடை ஏறி வரும். ஜன்னல் வழியே பஸ் ஹாரன் கேட்கும். அந்தக் காலைகளில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பது எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. அது ஒன்றுதான் ஆறுதல்.

அப்புறம் உன் பந்துகள் தவற ஆரம்பித்தன.

முதலில் நான் கவனிக்கவில்லை. நேராகப் போய் விழ வேண்டிய பந்து, ஓட்டையின் விளிம்பில் முட்டி நின்றது. ஒருமுறை, இரண்டுமுறை, பிறகு அடிக்கடி. நீ ஸ்டிக்கைத் தூக்கி ஒற்றைக் கண்ணால் பார்த்தாய். "கோணிப் போச்சுட்டி இது. வெயிலும் மழையும் அடிக்க ஜன்னலோரமா சாத்தி வச்சா மரம் வளையாம என்ன செய்யும்?" என்றாய். பாயின் ஸ்டிக்குகள் உண்மையிலேயே மோசம். முனையில் ஒட்டிய தோல் தேய்ந்து, கைப்பிடி பிசுபிசுத்து இருக்கும். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தாய். எல்லாமே கோணல் என்றாய். நானும் ஆமாம் என்றேன்.

"சொந்தமா ஒண்ணு வாங்கணும்" என்று நீ சொன்னது அப்போதுதான்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து என் போனில் தேடினோம். ஆளுக்கு ஏற்றபடி கைவேலையாகச் செய்து தருகிற ஸ்டிக் எல்லாம் நாம் நினைத்தும் பார்க்க முடியாதவை. கீழே தள்ளித் தள்ளிப் போனபோது ஒன்று வந்தது. பார்வைக்கு அந்தக் கைவேலை ஸ்டிக் மாதிரியே, நம்மால் வாங்கக்கூடியது. கைப்பிடியில் சுற்றுகிற நூலின் நிறம், எடை இரண்டையும் நாமே சொல்லலாம். பெயர்கூடப் பொறித்துத் தருவார்களாம். அடிப்பகுதியில் முத்துச்சிப்பி பதித்த மாதிரி வேலைப்பாடு. பெரிதாக்கிப் பார்த்தேன். "இது பதிச்சது இல்லட்டி. அச்சடிச்சு மேல வார்னிஷ் போட்டிருக்கான்" என்றேன்.

"மாதிரிதான? இருந்துட்டுப் போகட்டும். நம்ம கழுத்துல கிடக்கதும் தங்கம் மாதிரிதான்."

எடையை அவுன்ஸ் கணக்கில் போட்டிருந்தான். கணக்குப் பார்த்து, அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல் என்றேன். நீ டீக்கடைக்காரரிடம் அரை லிட்டர் பால் பாக்கெட் ஒன்று வாங்கி, கையில் ஏந்தித் தூக்கித் தூக்கிப் பார்த்து, "இது சரியா இருக்கும்" என்றாய். அவர் நம்மைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நூலுக்குப் பச்சை. பெயரில்தான் தகராறு. உன் பெயரைப் போடச் சொன்னேன். "அம்மா பாத்தா அவ்வளவுதான். ராயகிரின்னு போடு. ஊர்ப் பேருன்னா எவளும் கேள்வி கேக்க முடியாதுலா" என்றாய். இங்கிலீஷில் ராயகிரி என்று அடித்துக் கொடுத்தோம். உன் ஊருக்கு டெலிவரி இல்லையென்று வந்தது. என் முகவரியைப் போட்டேன்.

பார்சல் வந்த அன்று நீ வரும்வரை பிரிக்காமல் வைத்திருந்தேன். இரண்டு துண்டாக இருந்தது. நடுவில் திருகிப் பொருத்தினாய். உள்ளே மரம் மரத்தைக் கடிக்கிற சின்னச் சத்தம். முகத்துக்கு அருகில் கொண்டுபோய் வாசம் பிடித்தாய். பிறகு இருவரும் ஓட்டமும் நடையுமாகப் பாய் கடைக்குப் போனோம். பாயும் வாங்கிப் பார்த்து, "மாஷா அல்லா, நல்லாருக்கும்மா" என்றார்.

நீ குனிந்தாய். அடித்தாய். பந்து விளிம்பில் முட்டி நின்றது.

மறுபடி அடித்தாய். மறுபடியும் அதே.

"இதுவும் கோணல்" என்றாய். உன் முகம் செத்துப்போயிற்று.

பெயர் பொறித்த பொருளைத் திருப்பி எடுப்பதில்லை என்று அந்தக் கம்பெனி சட்டம் பேசியது. அவர்களுக்குத் தெரியாது, யாரிடம் பேசுகிறார்கள் என்று. மறுமுனையில் பேசிய பெண் அடுத்து என்ன வாக்கியம் சொல்லப்போகிறாள் என்பது உனக்கு மனப்பாடம். அவள் சொல்வதற்கு முன்பே நீ சொன்னாய். "'உங்கள் சிரமம் புரிகிறது மேடம்', அதான? எனக்கும் அதான் வேலை. சூப்பர்வைசர்ட்ட குடு." அவளிடம் கத்தினாய். அழ வைத்திருப்பாய் என்றுதான் நினைக்கிறேன். கடைசியில் பழையதை நீயே வைத்துக்கொள், புதிது அனுப்புகிறோம் என்று இறங்கி வந்தார்கள். ஜெயித்துவிட்டாய். அன்று என் வீட்டில் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாய்.

இரண்டாவது ஸ்டிக்கும் வந்தது. அதே பச்சை நூல், அதே ராயகிரி. பாய் கடையில் அன்று நம்மைத் தவிர ஆளில்லை. அவரும் டீ குடிக்கக் கீழே போயிருந்தார். நீ அடித்தாய். பந்து இடப்பக்கம் விலகிப் போயிற்று.

நீ கத்தவில்லை. ஸ்டிக்கை மேசையின் மேல் படுக்க வைத்து உருட்டிவிட்டாய். கோணல் ஸ்டிக் என்றால் குதித்துக் குதித்து உருளும். அது தண்ணீர் மாதிரி உருண்டு போய் அந்தப் பக்கத்து விளிம்பில் நின்றது. முதல் ஸ்டிக்கையும் எடுத்து உருட்டினாய். அதுவும் அப்படியே போயிற்று. என்னிடம் நீட்டினாய்.

"நீ அடி."

"எனக்குத்தான் வராதே."

"அடிட்டி."

அடித்தேன். பந்து நேராகப் போய் ஓட்டையில் விழுந்தது. இன்னொன்றை வைத்தாய். அதுவும் விழுந்தது. என் ஆயுளில் நான் அடித்த நல்ல அடிகள் அவைதான்.

"உனக்கு நேராப் போவுதுட்டி" என்றாய்.

மறுபடி நீ குனிந்தபோது நான் பந்தைப் பார்க்கவில்லை; உன் இடது கையைப் பார்த்தேன். நீ ஸ்டிக்கை முன்னால் தள்ளுகிற அந்த நொடியில் கட்டைவிரல், தூக்கம் பிடித்தவன் தலை சாய்கிற மாதிரி, மெல்லச் சாய்ந்தது. உனக்கு அது தெரியவே இல்லை. "கை வலிக்கா?" என்று கேட்டேன். "கைக்கு என்ன? கை நல்லாத்தான் இருக்கு" என்றாய். அப்புறம் படியிறங்கும்போது உன் இடது தோள் சுவரில் இடித்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை நீ. தெருவுக்கு வந்து கொஞ்ச தூரம் போன பிறகுதான் உன் இடது கால் செருப்பு படியிலேயே கிடக்கிறது என்று நான் பார்த்தேன். வெறுங்கால் சுடும் தாரில் நடந்திருக்கிறது, நீ அறியவில்லை.

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். உன் அம்மாவையும் தம்பியையும் வெளியே உட்கார வைத்துவிட்டு, நீ என்னைத்தான் உள்ளே கூட்டிப்போனாய். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். மூளையின் வலது பக்கத்தில், எலுமிச்சை அளவில், வெள்ளையாக ஒரு கட்டி. வலது பக்கம் இருப்பதால்தான் இடது கை, இடது கால் என்றார். ஆபரேஷன் செய்யலாம், ஆனால் முழுக்க எடுக்க முடியாது, திரும்ப வளரும் என்றும் சொன்னார். நல்ல மனிதர், எதையும் மறைக்கவில்லை.

நீ கேட்ட கேள்வி ஒன்றுதான். "இது எப்பத்துல இருந்து இருக்கும் டாக்டர்?"

"சரியாச் சொல்ல முடியாதும்மா. சில மாசமாவே இருந்திருக்கும்."

நீ என் பக்கம் திரும்பினாய். "அப்ப அந்த மொத ஸ்டிக்கும் நேராத்தான் இருந்திருக்கு" என்றாய். பிறகு, "பாவம், அந்தப் பிள்ளைட்ட ரொம்பக் கத்திட்டேன்ட்டி" என்றாய்.

நான் உன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு இடது கை மடங்கியபடியே நின்றுவிட்டது. காலை இழுத்து நடந்தாய். உன் அம்மா எல்லாப் பழியையும் அந்த ஸ்டிக்கின் மேல் போட்டாள். "பொம்பளப் பிள்ளைக்கு என்னத்துக்கு இந்தக் கம்பு? இது வீட்டுக்குள்ள வந்த பொறவுதான் எல்லாம்" என்று என்னிடம் அழுதாள். நான் மறுக்கவில்லை. பழி சொல்ல அவளுக்கும் ஒன்று வேண்டும். நமக்கு மரம் கோணல் என்று இருந்தது. அவளுக்கு அந்த மரமே.

ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டமெல்லாம் கலைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாய் கடைக்குப் போக வேண்டும் என்றாய். ரதவீதி முழுக்கக் கரும்புச் சக்கையும் காகிதமுமாகக் கிடந்தது. ஆட்டோவில் வந்தோம். இடது கை இல்லாமலே விளையாட ஒரு வழி இருந்தது. எட்டாத பந்தை அடிக்க, தலையில் குறுக்குக்கட்டை வைத்த நீளக் கம்பு ஒன்று பாயிடம் உண்டே, அதன் மேல் ஸ்டிக்கைத் தாங்கி வலது கையாலேயே அடிக்கலாம். வழியெல்லாம் அதைத்தான் உன்னிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். நீயும் தலையாட்டிக்கொண்டு வந்தாய்.

படிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாய். ஒரு படி ஏறினாய். வலது கால் அடுத்த படிக்குப் போயிற்று. இடது கால் வரவில்லை. நான் பிடித்துத் தூக்கினேன். மறுபடியும் வரவில்லை. அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாய்.

பாய் ஓடி இறங்கி வந்தார். "நாலு பயலுவ மேல இருக்கானுவம்மா. சேர்ல வச்சுப் பூப்போலத் தூக்கிருவோம். ரெண்டு நிமிசம்."

"வேண்டாம் பாய்."

"நான் சொல்லுதேம்மா, ஒண்ணும் கஷ்டம் இல்ல."

"வேண்டாம் பாய். கொஞ்ச நேரம் இங்கன இருந்துட்டுப் போறோம்."

அவர் நின்று பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே போனார். நாம் அந்தப் படியில் உட்கார்ந்திருந்தோம். மேலே பையன்கள் ஆடுகிற சத்தம் இறங்கி வந்தது. பந்தோடு பந்து மோதுகிற டொக். நீ கண்ணை மூடிக்கொண்டாய்.

"இது விழுந்துட்டு" என்றாய். மேலே பையன்கள் கத்தினார்கள்.

"இது விழாது, ஓங்கி அடிச்சிட்டான்." மேலே ஒருவன் சலித்துக்கொண்டான்.

ஒன்றைக்கூடத் தப்பாகச் சொல்லவில்லை நீ. உரக்கடைக்காரர் நம்மைத் தாண்டி மூட்டை இறக்கினார். நான் உன் வலது கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, "போவோம்ட்டி. மத்தவன் ஆட்டத்த எவ்வளவு நேரம் கேக்க?" என்றாய்.

அதுதான் நீ கடைசியாகச் சங்கரன்கோவிலுக்கு வந்தது. ஐப்பசி மழையில் உன் தம்பி போன் செய்தான்.

பதினாறாம் நாள் கழிந்து உன் வீட்டுக்குப் போயிருந்தேன். கொல்லையில் உன் அம்மா பாகற்கொடிக்கு ஊன்றுகோலாக அந்த ஸ்டிக்கை நட்டிருந்தாள். ராயகிரி என்ற எழுத்து பாதி மண்ணுக்குள் இருந்தது. கொடி பச்சை நூலைப் பற்றி ஏறியிருந்தது. கேட்டு வாங்கி வரலாம் என்றுதான் போனேன். கேட்கவில்லை. இன்னொன்றைப் பாய் வைத்திருந்தார். அவரும் வாடகை கட்டுப்படியாகாமல் கடையை மூடி, மேசையை விற்றுவிட்டுக் கடையநல்லூருக்கே போய்விட்டார். ஸ்டிக் மேசையோடு போயிற்றா, அவரோடு போயிற்றா என்று தெரியாது. மாடியில் இப்போது உரமூட்டை அடுக்கியிருக்கிறார்கள். நான் அதே வேலையில்தான் இருக்கிறேன். பொருள் கோணலாக வந்திருக்கிறது என்று யாராவது கத்தினால், மற்றவர்களைவிடச் சீக்கிரம் மாற்று அனுப்பிவிடுகிறேன். சூப்பர்வைசர் திட்டுகிறார்.

காலம் ஆற்றும் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை. உன்னிடமிருந்து என்னோடு வந்திருப்பது விளையாட்டும் இல்லை, தைரியமும் இல்லை. ஒரு பயம்தான். வீட்டில் எது தவறினாலும், பூட்டு திறக்காவிட்டால், ஊசியில் நூல் போகாவிட்டால், குறை அந்தப் பொருளில்தான் இருக்க வேண்டும் என்று கோமதியம்மனை வேண்டிக்கொள்கிறேன். மனிதரில் இருந்துவிடக் கூடாது.

போன வாரம் அடுக்களையில் சத்தம் கேட்டு ஓடினேன். அம்மா டீ டம்ளரைக் கீழே போட்டிருந்தாள். "இந்த டம்ளர் சரியில்ல. விளிம்பு மழுங்கி வழுக்குது" என்றாள். தரையைத் துடைத்தேன். உடனே செருப்பை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய், விளிம்பு மடித்த புது டம்ளர் ஒன்று வாங்கி வந்தேன். மறுபடி டீ போட்டு, வேண்டுமென்றே அவளுடைய இடது பக்கம் போய் நின்று நீட்டினேன். இடது கையால் வாங்கினாள். நான் நகரவில்லை.

"என்னட்டி, டீ குடிக்கத இப்படிப் பாக்க?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா. குடி."

கடைசி மடக்கு வரை நின்றேன். குடித்து முடித்து, டம்ளரைச் சத்தமில்லாமல் மேடையில் வைத்தாள். அன்றைக்குக் குறை டம்ளரில்தான் இருந்தது.